ராணி மேசைக்கு எட்டுச் சாப்பாடு: அத்தியாயம் ஒன்பது

“சாப்பாட்டுக்கு எத்தனை பேர் மேடம்?”

பதிமூன்று மாதங்களுக்கு முன்னால் தொலைபேசியில் ஒரு பெண் ரோவீனாவிடம் அப்படிக் கேட்டாள். அந்தக் குரலுக்குப் பின்னால் எங்கோ இசை ஒலித்துக்கொண்டிருந்தது. ஹெரன் பே விடுதியின் புதர்களுக்குள்ளும் பாறைகளுக்குள்ளும் ஒளித்து வைத்த ஒலிபெருக்கிகளிலிருந்து வருகிற இசைதான் அது என்று இந்த வாரம்தான் அவளுக்குத் தெரிந்தது.

“நாலு பேர்,” என்று அன்று யோசிக்காமல் சொன்னாள். அவள், கணவன் கர்ட்டிஸ், மகள் பெய்ஜ், தங்கை ஜனெல். ஒஹையோவில், லைமா நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, மத்தியான இடைவேளையில் கார்டு எண்ணை வாசித்துக் காட்டினாள். ஐந்து இரவுக்கு அறை, கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைய அனுமதி, எல்லா நாளும் சாப்பாடு: ஆளுக்குத் தினம் உணவகத்தில் ஒரு மேசைச் சாப்பாடு, மற்றபடி கவுண்டரில் வாங்கும் சாப்பாடும் தீனியும். மொத்தமும் முன்கூட்டியே கட்டியாயிற்று.

அப்போது கர்ட்டிஸ் வீட்டில் இருந்தான்.

நான்கு மாதம் கழித்து அவன் வேலை போயிற்று. கடைகளின் குளிர் அறைகளைப் பழுது பார்க்கிற வேலை. போனது பெரிய விஷயமில்லை. லைமாவில் யாருக்குத்தான் போகவில்லை? ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. ஏழு வாரம், தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நூலகத்து வாசலில் காரை நிறுத்தி அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் களைத்த முகத்தோடு திரும்பினான். அந்த டப்பாவைத் தினமும் நிரப்பிக் கொடுத்தவள் ரோவீனா.

வேலை போனதை அவள் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டாள். அந்த ஏழு வாரத்தைத்தான் விழுங்க முடியவில்லை. கர்ட்டிஸ் ஊரின் மறுகோடியில், ஒரு சலவைக்கடைக்கு மேலே, ஒற்றை அறைக்குக் குடிபோனான்.

சாப்பாட்டுத் திட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் கழற்ற முடியாது என்றார்கள். அறையில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் சாப்பாடு, இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. கட்டிய பணமும் திரும்பாது. அதனால்தான் பிரிந்து வாழும் கணவனும் மனைவியும் ஒரே காரில் பதினாறு மணி நேரம் தெற்கே ஃபிளாரிடாவுக்கு வந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கட்டில்கள் இரண்டும் பெண்களுக்கு. கர்ட்டிஸுக்கு இழுத்து விரிக்கிற சோபா. விடிகாலையில் பார்த்தால் அவன் பாதங்கள் இரண்டும் போர்வைக்கு வெளியே யாருடையவோ போல நீட்டிக்கொண்டிருக்கும்.

வந்த அன்று, திங்கட்கிழமை மாலை, ஏரிப் படகில் அவன் கேட்டான்.

“நான் வீட்டுக்கு வந்துடட்டுமா, ரோ?”

“கடைசி நாள் விருந்துல சொல்றேன்,” என்றாள் அவள்.

இன்று வெள்ளி. விருந்து மாலை ஐந்து பத்துக்கு.

*

காலை எட்டரைக்கு ஏரியின் மேல் வெள்ளை ஆவி இன்னும் கலையவில்லை. அக்கரையில், பூங்காவின் வேடதாரி ராணி விருந்து கொடுக்கும் கண்ணாடி மாளிகை நின்றது. கீழ்ப்பாதி மறைந்து, கூரை மட்டும் தனியாக மிதந்தது. நீச்சல் குளத்தில் பெய்ஜ் மல்லாந்து கிடந்தாள். காதுகள் தண்ணீருக்குள். கூப்பிட்டால் கேட்காது. கூப்பிட யாருக்கும் மனமும் இல்லை.

ரோவீனா சாய்வு நாற்காலியில் கால் நீட்டியிருந்தாள். ஐந்து நாளாகவே அவளுக்குத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய திரைதான் இருந்தது. எங்கே நடந்தாலும் அந்த இசை கூட வந்தது. எந்தப் பாட்டும் முடிவதில்லை. ஒன்று தேயும்போது இன்னொன்று ஆரம்பமாகிவிடும்.

பக்கத்து நாற்காலியில் ஈரத் துண்டோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஜார்ஜியாவிலிருந்து நேற்று வந்தவளாம்.

“நீங்க அந்தச் சாப்பாட்டுத் திட்டம் எடுத்திருக்கீங்கல்ல? கையில பட்டை இருக்கே. நாங்க எடுக்கறதான்னு இன்னிக்குள்ள சொல்லணுமாம். எடுக்கலாமா? லாபமா?”

ரோவீனா வாயைத் திறக்குமுன் ஜனெல் முந்திக்கொண்டாள்.

“லாபமா? அஞ்சு நாளா காலைல ஆளுக்கொரு வாழைப்பழம் தின்னுட்டிருக்கோம். ஏன்னு கேளுங்க. ராணி மேசைல ஒரு ஆளுக்கு ரெண்டு சாப்பாடு கழிப்பாங்க. நாலு பேருக்கு எட்டு. அந்த எட்டைச் சேர்க்கணும்னு எங்க அக்கா வீட்டுக்காரர் எங்களைக் காயப்போட்டுட்டார். முன்பணம் கட்டிப் பட்டினி கிடக்கற குடும்பம் உலகத்துலயே நாங்கதான்.”

“அப்போ வேண்டாம்கறீங்களா?”

“எடுத்துக்குங்க,” என்றாள் ரோவீனா.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கணக்குப் போட்டா நஷ்டம்தான். இருந்தாலும் எடுத்துக்குங்க.”

அந்தப் பெண் சிரித்தபடி எழுந்து போனாள். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோவீனாவுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கர்ட்டிஸ் உணவுப் பட்டியலை வலது பக்கத்திலிருந்து படிக்கிறவன். முதலில் விலை, அப்புறம்தான் பண்டம். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவன் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு அவள் பார்த்ததில்லை. எது மலிவோ அது. பிறந்தநாளானாலும் அது. அவள் ஏதாவது கேட்டால் வேண்டாமென்று சொல்ல மாட்டான். அதன் விலையை மட்டும் மெல்லச் சொல்வான், தேவாலயத்தில் இறந்தவர் பெயரைச் சொல்கிற குரலில்.

அதனால்தான் அவள் பணத்தை முன்கூட்டியே கட்டினாள். சில நாளாவது சாப்பாட்டு மேசையில் விலை உட்காராமல் இருக்கட்டும் என்று.

முதல் இரண்டு நாள் அது பலிக்கவில்லை. கர்ட்டிஸ் அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்தான். இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் எல்லோரும் வாங்க வேண்டும் என்றான். மீன் நாற்றமே ஆகாத ஜனெலுக்குச் சிங்கி இறால். போன மாதம் பத்து வயது முடிந்ததால் திட்டத்தில் பெரியவளாகிவிட்ட பெய்ஜுக்கு, அவள் முகத்தைவிடப் பெரிதாக ஒரு மாட்டிறைச்சித் துண்டு. “அறுபத்திரண்டு டாலர். ஜெயிச்சுட்டோம்,” என்பான். பெய்ஜ் கால்வாசி தின்றுவிட்டு மேசையிலேயே தூங்கிப் போவாள்.

நேற்று, வியாழக்கிழமை, பணிப்பெண் வந்து நின்றபோது அவன் பட்டியலை மூடி வைத்தான்.

“எனக்குத் தக்காளி சூப். சீஸ் வச்சு வாட்டின ரொட்டி.”

“அதுக்கும் ஒரு முழுச் சாப்பாடு கழியும் சார்.”

“கழியட்டும். எனக்கு அதான் சாப்பிடணும்போல இருக்கு.”

ரொட்டியை சூப்பில் தோய்த்துத் தோய்த்துத் தின்றான். கிண்ணத்தின் ஓரத்தையும் ரொட்டித் துண்டால் துடைத்தான். ரோவீனா தன் தட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தக்காளி சூப் பிடிக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஓர் ஆளோடு முதல்முறை சாப்பிட உட்கார்ந்ததுபோல உள்ளுக்குள் ஒரு கூச்சம் வந்தது. இனிமையான கூச்சம்.

அங்கேயே, அந்த மேசையிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். வா என்று சொல்லிவிடுவது.

கர்ட்டிஸ் மூன்று காபிக் குவளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளக்கரையில் வந்தான்.

“அஞ்சு மணிப் படகைப் பிடிச்சாப் போதும்,” என்றான். “நடக்கற வழில போனா சட்டை வேர்த்துடும்.”

“எந்தச் சட்டை?” என்றாள் ரோவீனா.

“நீலம். இஸ்திரி போட்டுட்டேன்.”

“கல்யாணத்துக்கே கசங்கின சட்டையோட வந்த ஆளு,” என்றாள் ஜனெல்.

“அது கசங்கல் இல்ல. கடைல மடிச்சுக் குடுத்த மடிப்பு.”

ரோவீனா சிரித்துவிட்டாள். கர்ட்டிஸ் அந்தச் சிரிப்பைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்கிறவன்போல, குவளையைக் கொடுத்துவிட்டு அசையாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

*

கடைசி நாளில் விடுதியின் தின்பண்டக் கடையில் ஒரு வேடிக்கை நடக்கும். திட்டத்தில் மிஞ்சிய தீனிகளெல்லாம் அன்று நடுராத்திரியோடு செல்லாமல் போகும். அதனால் மத்தியானத்திலேயே குடும்பங்கள் பைகளோடு வந்துவிடும். பசியே இல்லாதவர்கள் பொரியுருண்டையையும் பிஸ்கட்டையும் அள்ளி அள்ளிப் போடுவார்கள், வெள்ளம் வரப்போகிற ஊரைப்போல.

“அம்மா, நமக்கு இன்னும் பதினோரு தீனி இருக்கு,” என்றாள் பெய்ஜ். “பதினொண்ணும் நானே எடுத்துக்கவா? நான் பெரியவதானே இப்ப.”

“பெரியவங்க ஒரேடியா பதினொண்ணு திங்க மாட்டாங்க.”

“ஜனெல் சித்தி திம்பா.”

“தின்னுட்டு அழவும் அழுவேன்,” என்றாள் ஜனெல். “எடு, எடு.”

பெய்ஜ் எடுத்தாள். ரோவீனா மணிக்கட்டுப் பட்டையைக் கருவியில் காட்டினாள். பச்சை வெளிச்சம் எரிந்தது. ரசீது வந்தது. வழக்கமாக ரசீதுகளை வாங்கி மடித்து வைத்துக்கொள்வது கர்ட்டிஸ்தான். இன்று அவன் இல்லை. அவள் கண் சும்மா கீழ்வரிக்குப் போயிற்று.

தீனி: 0. கவுண்டர் சாப்பாடு: 4. மேசைச் சாப்பாடு: 6.

மறுபடி படித்தாள். ஆறு. எட்டு இருக்க வேண்டும். புதனன்று மேசைக்கே போகாமல் கவுண்டரில் ரொட்டி வாங்கித் தின்று மிச்சப்படுத்திய நாலும் இன்றைய நாலும் சேர்ந்த எட்டு.

வரவேற்பறையில், மிலாக்ரோஸ் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

“ஒரு அறைன்னா ஒரு பானை மாதிரி மேடம். நாலு பேர்ல யார் பட்டையைக் காட்டினாலும் அதுலேர்ந்துதான் கழியும். இருங்க, பாக்கறேன்.” அவள் விரல் திரையில் கீழே இறங்கியது. “இதோ. புதன் காலைல ஒன்பது ஐம்பது. பெலிகன் ஹவுஸ். மேசைல பெரியவங்க காலைச் சாப்பாடு, ரெண்டு. காட்டினது மிஸ்டர் கர்ட்டிஸோட பட்டை.”

“ரெண்டா?”

“ரெண்டு.”

புதன் காலை ஒன்பதரைக்குக் கர்ட்டிஸ் அழுக்குத் துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சலவை அறைக்குப் போனான். பதினொன்றே காலுக்கு வந்தான். துண்டுகள் சூடாக, விளிம்பு பிசகாமல் மடித்திருந்தன. ஒரு துண்டில் முகத்தை வைத்துப் பார்த்தது ரோவீனாவுக்கு ஞாபகம் வந்தது.

மிலாக்ரோஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கவலைப்படாதீங்க. ஆறுல ராணி மேசைல மூணு பேர் தாராளமா சாப்பிடலாம். நாலாவது ஆளுக்கு அங்கயே காசு கட்டிடலாம், எழுபத்தொன்பது டாலர். இல்ல, பதிவை மூணு பேரா மாத்தட்டுமா?”

“வேண்டாம்,” என்றாள் ரோவீனா. பிறகு, “இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்,” என்றாள்.

வெளியே ஜனெல் தின்பண்டப் பையோடு நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

“புதன்கிழமை கர்ட்டிஸ் பட்டைல ரெண்டு காலைச் சாப்பாடு,” என்றாள் ரோவீனா.

“எவ அவ?”

“தெரியாது.”

“நான் வேணா கேக்கட்டா? எனக்கொண்ணும் கூச்சம் கிடையாது.”

“நீ பெய்ஜைப் பாத்துக்க, ஜன். நான் கேக்கறேன்.”

*

மூன்று மணிக்கு மழை வந்தது. ஃபிளாரிடாவின் ஜூன் மாதத்து மழை. தினமும் அதே நேரத்தில் வேலைக்கு வருகிற ஆளைப்போல வரும். மஞ்சள் மழையங்கிகள் அணிந்த கூட்டம் ஏரிக்கரையில் கலைந்தோடியது. தூறலுக்குள்ளும் பாறைகள் பாடிக்கொண்டிருந்தன.

கர்ட்டிஸ் படகுத்துறைக் கூரையின் கீழ், மூடியிருந்த ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றிருந்தான். ரோவீனா தலை நனைந்து வந்து எதிரில் நின்றாள்.

“புதன்கிழமை யார்கூடச் சாப்பிட்ட?”

அவன் திடுக்கிடவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.

“பெட்டிட்னு ஒருத்தர். இந்த விடுதிக்கு இருக்கற குளிர் அறைக்கெல்லாம் அவர்தான் தலைவர்.”

“ஆம்பளையா?”

“அறுபது வயசு இருக்கும். மீசைகூட உண்டு.”

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்காரப்போகிறது என்றும் அவளுக்குத் தெரிந்தது.

“செவ்வாய்க்கிழமை இந்த வண்டி நின்னுபோச்சு,” என்று ஐஸ்கிரீம் வண்டியைத் தொட்டான். “எல்லாம் உருகுது, விக்கற பொண்ணு அழறா. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல. பின்பக்கத்தைத் திறந்து சரி பண்ணிக் குடுத்தேன். அவர் வந்து பாத்தார். மறுநாள் பேசலாம்னார். காபி வாங்கித் தரேன்னார். எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. வேலை கேக்கற மாதிரி ஆயிடுமேன்னு, நான் சாப்பாடே வாங்கித் தரேன்னுட்டேன்.”

“வேலையா?”

“குடுக்கறாராம். நல்ல சம்பளம், மருத்துவச் செலவு எல்லாம். பெய்ஜுக்குப் பல்லுல கம்பி போடணுமே, அதுகூட. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்.”

“எங்க? இங்கயா?”

“இங்கதான்.”

மழை கூரையில் பரபரவென்று கொட்டியது. ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, மாளிகை அடியோடு காணாமல் போயிருந்தது.

“திங்கக்கிழமை என்னைக் கேட்ட. வீட்டுக்கு வரட்டுமான்னு. புதன்கிழமை இங்க வேலை பேசியிருக்க.”

“பேசல. அவரா வந்து...”

“இன்னிக்கு வெள்ளி, கர்ட்டிஸ்.”

“விருந்துல சொல்லலாம்னு வச்சிருந்தேன். நீ வான்னு சொன்னா, நாம மூணு பேரும் இங்க வந்துடலாம். பெய்ஜுக்குத் தினமும் இந்த ஏரி.”

“நான் வராதன்னு சொன்னா?”

அவன் தரையைப் பார்த்தான். “அப்ப நான் மட்டும் இங்க இருந்துக்கலாம்னு.”

“ஆக, நான் எதைச் சொன்னாலும் உனக்கு ஒரு இடம் தயாரா இருக்கு. நான்தான் பதிலை உருட்டி உருட்டி அஞ்சு நாளா அரைத் தூக்கத்துல நடந்துட்டிருக்கேன்.”

“அந்தச் சாப்பாடு என்னோடதுன்னு நெனச்சேன், ரோ.” எதையாவது ஒன்றைச் சரி செய்துவிட நினைக்கிறவனின் அவசரம் அவன் குரலில் இருந்தது. “திங்கள், செவ்வாய் ரெண்டு மத்தியானமும் நான் கவுண்டர்ல ஒண்ணும் வாங்கல. பட்டினி கிடந்து அந்த ரெண்டையும் சேத்து வச்சுத்தான் அவரைக் கூட்டிட்டுப் போனேன். கவுண்டர் வேற, மேசை வேற, ஒண்ணுக்குப் பதிலா ஒண்ணு ஆகாதுன்னு எனக்குத் தெரியல. நேத்து ரசீதைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.”

“நேத்தே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“எப்ப? சூப் குடிச்சப்பவா?”

“குடிச்சு முடிச்சப்புறம். ரசீது வந்தப்ப.”

அப்படியானால் சூப் வரைக்கும் நிஜம் என்று அவள் நினைத்தாள். எதற்கு இதை இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம் என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

“நேத்தே சொல்லியிருக்கலாமே.”

“என் ஒருத்தன் காசை நானே கட்டிடலாம்னு இருந்தேன். உனக்குத் தெரியவே வேண்டாம்னு.”

“அதான்,” என்றாள் ரோவீனா. “தெரியவே வேண்டாம்னு. அந்த ஏழு வாரமும் அதான். தினமும் உனக்கு ரொட்டில வெண்ணெய் தடவிக் குடுத்தேன் கர்ட்டிஸ். அதை நீ எங்க உக்காந்து தின்னன்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல.”

மழை, குழாயை மூடியதுபோல, சட்டென்று நின்றது.

*

ஐந்து மணிப் படகில் ஏரி தங்கத் தகடாகக் கிடந்தது. நனைந்த மரங்களிலிருந்து ஆவி எழும்பி, வெளிச்சத்தில் புகைபோல நின்றது. பெய்ஜ் படகின் முனையில் ஜனெலின் கையைப் பிடித்துக்கொண்டு, மாளிகை பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்தாள். அந்த முகத்துக்காகத்தானே எல்லாம் என்று ரோவீனா நினைத்தாள். உடனே, இல்லை, எனக்காகவும்தான் என்று திருத்திக்கொண்டாள்.

கர்ட்டிஸ் நீலச் சட்டையில், படகின் பின்பக்கம் தனியாக நின்றான். இஸ்திரி நன்றாகவே போட்டிருந்தான்.

மாளிகையின் நுழைவில் இளைஞன் ஒருவன் பதிவைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். “திட்டத்துல மூணு பேருக்குத்தான்...” கர்ட்டிஸின் கை பின்பாக்கெட்டுக்குப் போனது. அதற்குள் ரோவீனா தன் கார்டை நீட்டியிருந்தாள்.

“நாலு பேரும் சாப்பிடறோம்,” என்றாள்.

ஜனெல் புருவத்தை உயர்த்தினாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்கு எளிய காரியமில்லை.

உள்ளே சுவரெல்லாம் கண்ணாடி. கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான சின்ன விளக்குகள் தொங்கின. ஏதோ ஏற்பாட்டால் அவை மூச்சு விடுவதுபோல மெல்ல மங்கி மெல்லப் பிரகாசித்தன. மண்டபத்தின் மறுகோடியில், மேடைமேல் ராணி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் குழந்தைகள் வரிசை கட்டி நின்றார்கள்.

பட்டியல் அட்டைகள் வந்தன. பெய்ஜ் தனக்குப் பெரியவர்கள் அட்டை வந்ததா என்று திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அந்த அட்டையில் பண்டங்களுக்குத் தனித்தனி விலை கிடையாது. இருந்தாலும் கர்ட்டிஸின் கண் நேராக வலது ஓரத்துக்குப் போய் நின்றதை ரோவீனா பார்த்தாள். வெறும் வெள்ளைத்தாளை அவன் மேலிருந்து கீழாகப் படித்தான்.

“உனக்கு என்ன பிடிக்கும்பா?” என்றாள் பெய்ஜ்.

“உனக்கு என்னவோ அதுவே எனக்கும்.”

“அது பதில் இல்ல.”

“சரி. கோழி.”

பணியாளிடம் சொல்லியாயிற்று. பெய்ஜ் காலை ஆட்டிக்கொண்டு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனெல் அக்காவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“வா பெய்ஜ். சாப்பாடு வர்றதுக்குள்ள ராணியைப் பாத்துட்டு வந்துடலாம். அந்தக் கிரீடம் தகரமா இல்லையான்னு நான் தொட்டுப் பாக்கணும்.”

“தொடக் கூடாது சித்தி. துரத்திடுவாங்க.”

“துரத்தட்டும். நான் என்ன காசு கட்டி வந்தவளா, உங்கம்மா கட்டினது.”

இருவரும் போனார்கள். மேசையில் மெழுகுவத்தி விளக்கும் தண்ணீர்க் குவளைகளும் அவர்கள் இருவரும் மிஞ்சினார்கள்.

“நான் வான்னு சொல்றதா இருந்தேன்,” என்றாள் ரோவீனா. “நேத்தே முடிவு பண்ணிட்டேன்.”

கர்ட்டிஸ் தலையை நிமிர்த்தினான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் போதவில்லை. குவளையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“இப்பவும் அதைச் சொல்ல முடியும். ஆனா ரெண்டு கதவையும் திறந்து வச்சுக்கிட்டு நடுவுல நிக்கற ஆளைப் பாத்து வான்னு சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்? என் வார்த்தைக்கு என்ன மதிப்பு?”

“நல்ல வேலை, ரோ.”

“நல்ல வேலைதான். உன் கைக்கு ஏத்த வேலை. அதுதான் வேணும்னா எடுத்துக்க, நான் தப்பாவே நினைக்க மாட்டேன். லீவுக்குப் பெய்ஜை அனுப்பி வைக்கறேன். வீடுதான் வேணும்னா லைமாவுக்கு வா. முழு வேலை இல்லாமலே வா. இருக்கறதை வச்சுச் சாப்பிடுவோம். ஒரு கதவைச் சாத்து. எதைச் சாத்தணும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“நீயும் பெய்ஜும் இங்க வர்றதா இருந்தா...”

“அதை என்கிட்ட புதன்கிழமை கேட்டிருந்தா, யோசிச்சிருப்பேன். துணி மூட்டையோட வந்து நின்னப்ப கேட்டிருந்தாக்கூட.”

அவன் மேசைத்துணியின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவினான். நீவினாலும் அது படியவில்லை.

“எப்ப சொல்லணும்?”

“இப்ப. பெய்ஜ் திரும்பி வர்றதுக்குள்ள.”

“திங்கக்கிழமை வரைக்கும் டயம் குடுத்திருக்கார்.”

“அவர் குடுத்திருக்கார்,” என்றாள் ரோவீனா.

விளக்குகள் மங்கி மறுபடி பிரகாசித்தன. மேடையில் பெய்ஜின் முறை வந்திருந்தது. ராணி குனிந்து அவள் காதில் ஏதோ சொல்ல, பெய்ஜ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஏரி மாலை வெயிலில் தகதகத்தது. ஒரு படகு கரையை விட்டுப் பிரிந்தது. இன்னொன்று காலியாக வந்து ஒதுங்கியது.

சொல்லிவிடு என்று ரோவீனா மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். எதுவானாலும் சரி, வாயைத் திறந்து சொல்லிவிடு. அவள் கை மேசைமேல், அவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் அதை நகர்த்தவில்லை. எடுக்கவும் இல்லை.

கர்ட்டிஸ் மடியிலிருந்த துணியை எடுத்து நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கவிழ்த்து வைத்திருந்த தன் தொலைபேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளினான். ஒரு கணம் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையிலிருந்து அவளால் ஒன்றும் படித்துக்கொள்ள முடியவில்லை.

தட்டுகளை ஏந்தி வந்த பணியாள் அவனுக்கு ஒதுங்கி வழிவிட்டார். கர்ட்டிஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வெளியே நடந்தான்.